தலைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்

"எப்பிடியக்கா, பாடு எப்பிடிப் போகுது?"

"ஏதோ சமாளிக்கிறம் மிஸ்."

திருகோணமலை மாவட்டத்தில் நான் படியேறிய வீடுகளில் அதிகமாகக் கேட்ட பதில் இதுதான். தமிழ் வீட்டில் "சமாளிக்கிறம்" என்பார்கள். முஸ்லிம் வீட்டில் "அல்ஹம்துலில்லாஹ், ஏதோ போகுது" என்பார்கள். சிங்கள வீட்டிலும் இதே பொருளில் ஒரு புன்னகையுடன் பதில் வரும். வாசல் வேறு, மொழி வேறு, பதில் ஒன்று. கேட்டவருக்கும் மனம் ஆறிவிடும். குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தச் சின்னப் பதிலுக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்பதை ஓர் ஆங்கில மரபுத்தொடர்தான் எனக்குக் கற்றுத் தந்தது. அதுவும் நான் அதைப் பிழையான இடத்தில் எழுதிய பிறகு.

ஓர் அறிக்கையும் ஒரு வரியும்

2018 ஆம் ஆண்டு. சமூகவியல் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வெளிக்களத்தில் பார்த்தவற்றை மாதம்தோறும் ஆங்கிலத்தில் எழுதித் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மாதம் நான் பார்த்த குடும்பங்களில் ஒன்று, கரையோரத்தில் வாழ்ந்த ஒரு மீன்பிடிக் குடும்பம். மூன்று பிள்ளைகள். கணவருக்குத் தொழில் சரியாக அமையவில்லை. அந்த அக்கா வழமையான பதிலைத்தான் சொன்னார்: "ஏதோ சமாளிக்கிறம் பிள்ளை."

வெறுமனே 'சமாளிக்கிறார்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக ஆங்கில வகுப்பில் படித்த ஒரு தொடர் நினைவுக்கு வந்தது. 'ஷீ இஸ் கீப்பிங் ஹெர் ஹெட் எபவ் வோட்டர்' என்று எழுதினேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'அவர் தன் தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கிறார்' என்பது பொருள். நல்ல ஆங்கிலம் எழுதிவிட்டேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

அறிக்கையை வாசித்தவர்கள் 'தலை மேலே இருக்கிறது' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்கிறது, உடனடி உதவி தேவையில்லை என்று முடிவாயிற்று. அந்த அக்காவின் பெயர் அடுத்த கட்டப் பட்டியலுக்குத் தள்ளிப்போனது. நான்கைந்து மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனபோது அவருடைய தாயார்தான் கதவைத் திறந்தார். அக்கா குவைத்துக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போய்விட்டிருந்தார். மூத்த மகள் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை எழுதியவள் நான். ஆகவே பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

தொடரின் உண்மைப் பொருள்

அந்தத் தொடர் சொல்வது என்ன? ஒருவர் ஆழமான தண்ணீரில் நிற்கிறார். கால் தரையில் படவில்லை. கையையும் காலையும் ஓயாமல் அடித்தபடி, மூச்சு விடுவதற்கு மூக்கும் வாயும் மட்டும் வெளியே இருக்குமாறு பார்த்துக்கொள்கிறார். அவர் எந்தக் கரையை நோக்கியும் நீந்தவில்லை. இருந்த இடத்திலேயே மூழ்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். கை ஓய்ந்தால் அந்த நிலையும் போய்விடும்.

ஆங்கிலத்தில் இத்தொடரைப் பெரும்பாலும் பணக் கஷ்டத்தைச் சொல்லவே பயன்படுத்துவார்கள். வருமானம் செலவுக்குப் போதாமல், கடனுக்கும் வட்டிக்கும் இடையில் இழுபடும் குடும்பத்தைப் பற்றியோ, இன்றோ நாளையோ மூடவேண்டிய நிலையில் உள்ள கடையைப் பற்றியோ இவ்வாறு சொல்வதுண்டு. வேலைப்பளு தாங்க முடியாதவரும் சொல்வார். 'ஜஸ்ட்' என்றோ 'பெயர்லி' என்றோ ஒரு சொல்லை அதன் முன்னே சேர்ப்பது வழக்கம். 'அரும்பாடுபட்டு', 'மயிரிழையில்' என்பது அதன் கருத்து. நான் அந்த ஒரு சொல்லைச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் வாசித்தவர் ஒரு கணமாவது நின்றிருப்பார்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தக் குடும்பத்துத் தொடர்கள் சிலவற்றையும் சொல்லிக் கொடுக்கலாம். 'இன் டீப் வோட்டர்' என்றால் பெரிய சிக்கலில் இருக்கிறார் என்பது பொருள். 'அவுட் ஒஃப் ஹெர் டெப்த்' என்றால் தன்னால் கையாள முடியாத காரியத்தில் அகப்பட்டுக்கொண்டார். கால் நிலத்தில் படவில்லை. 'ட்ரெடிங் வோட்டர்' என்றால் முன்னேற்றமும் இல்லை, பின்னடைவும் இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறார். எல்லாமே தண்ணீர்தான். கடல் சூழ்ந்த நாட்டுக்காரர், கப்பலேறி உலகைச் சுற்றியவர், துன்பத்தைத் தண்ணீராக நினைத்ததில் வியப்பில்லை.

அந்தக் கப்பல்கள் நம்முடைய துறைமுகத்துக்கும் வந்தவைதான். 1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அவர்களுடைய கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் வரை இங்கே இருந்தது. டொக்யாட், மட்கோ என்று நம் வாயில் தமிழாகிவிட்ட இடப்பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இதைச் சொல்வதற்குக் காரணம், பெரிய கப்பல்களும் கரைக்கு அண்மையில் வந்து நிற்கக்கூடிய அதன் ஆழமே. ஆனால் உட்துறைமுக வீதியில் மாலையில் நடப்பவருக்கு அந்த ஆழம் தெரியாது. தெரிவது அமைதியான நீர்ப்பரப்பு மட்டும். "சமாளிக்கிறம்" என்ற பதிலும் அப்படித்தான்.

மூழ்குபவர் சத்தமிடுவதில்லை

கடலில் உயிர்காப்புப் பணியில் ஈடுபடுவோருக்குக் கற்பிக்கப்படும் ஒரு பாடம் உண்டு. சினிமாவில் காட்டுவது போல, மூழ்குகிறவர் கையை உயர்த்தி 'காப்பாற்றுங்கள்' என்று கத்துவதில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டும். அவருக்குக் கிடைக்கும் மூச்சு உயிரோடு இருப்பதற்கே போதாது. கையை உயர்த்தவும் முடியாது. இரு கைகளும் தாமாகவே தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். கரையில் நிற்பவருக்கு அவர் நிம்மதியாகக் குளிப்பது போலவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

நம் பெண்கள் பலரும் கடனில் மூழ்குவது இதே விதமாகத்தான். சத்தம் இல்லை. வாசலைக் கூட்டிக் கோலம் போட்டிருக்கும். வந்தவருக்குப் பிளேன்ரீ கிடைக்கும். பிள்ளையின் வெள்ளைச் சீருடை தோய்த்துக் காய்ந்திருக்கும்.

ஏன் சொல்வதில்லை? வெட்கம் ஒரு காரணம். கணவரின் உழைப்பைக் குறைத்துச் சொன்னதாகிவிடும் என்ற தயக்கம் இன்னொன்று. 'சொன்னால் மட்டும் என்ன நடக்கப் போகுது?' என்ற அனுபவம் மூன்றாவது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2006 இல் சம்பூர், மூதூர்ப் பக்கத்து இடப்பெயர்வுக்குப் பிறகும் இந்த மாவட்டத்துப் பெண்கள் எத்தனை படிவம் நிரப்பினார்கள், எத்தனை பேருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்! சம்பூர் மக்களுக்குச் சொந்த மண்ணுக்குத் திரும்பும் வழி 2015 இல்தான் திறந்தது. ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லி அலுத்த வாய், கடைசியில் ஒரு சொல்லில் வந்து நின்றுவிடுகிறது.

நம்முடைய தண்ணீர்ச் சொற்கள்

நாமும் கடலோரத்தவர்தான். நம் கஷ்டச் சொற்களிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. காது கொடுத்துக் கேட்டால், சொல்பவர் எந்த ஆழத்தில் நிற்கிறார் என்பதை அந்தச் சொற்களே காட்டிக்கொடுக்கும்.

"பிள்ளையளை எப்பிடியும் கரை சேர்க்கோணும்" என்று ஒரு தாய் சொன்னால், அவருக்கு இன்னும் கரை தெரிகிறது, நம்பிக்கை இருக்கிறது. "கரை காணேல்ல" என்றால் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது. "கழுத்து மட்டும் கடன்" என்றால் அதை வெறும் பேச்சாக எடுக்கக் கூடாது. அது ஓர் அளவு. ஈடு வைத்த நகை மீட்க முடியாமல் போனால் நாங்கள் "அறுதியாப் போச்சு" என்போம். தமிழ்நாட்டுப் பெண்கள் அதையே "மூழ்கிப் போச்சு" என்கிறார்கள். "ஏலாமக் கிடக்கு" என்ற சொல் உடம்புக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும், கைப்பணத்துக்கும் பொருந்தும். எது ஏலாமல் கிடக்கிறது என்று கேட்பவர்தான் குறைவு.

சிங்களச் சகோதரிகள் சொல்லும் 'அமாறுய்' என்ற சொல்லும் இதற்கு ஒப்பானது. கஷ்டம் என்றும் பொருள், சுகமில்லை என்றும் பொருள். துன்பத்திலிருந்து மீண்டு வருவதை அவர்களும் 'கொட எனவா' என்கிறார்கள். 'கரைக்கு வருதல்' என்பதே அதன் நேர்ப்பொருள். மூன்று மொழியிலும் துன்பம் ஒரு நீர்நிலையாகவும் விடிவு ஒரு கரையாகவும் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து ஏறியது?

இந்த வெள்ளம் ஒரே நாளில் ஏறியதல்ல. போர் முடிந்தபின் வடக்குக் கிழக்கில் நுண்கடன் கம்பனிகள் பெருகின. பிணையாக நகையோ உறுதியோ கேட்கவில்லை. பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றால் போதும். கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து காசு சேகரித்தார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று பல குடும்பங்கள் சிக்கிக்கொண்டன. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொகொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 வீதம் வரை போவதைச் சுட்டிக்காட்டினார். தவணை கட்ட முடியாத பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்பட்ட முறைப்பாடுகளையும் அவர் வெளிக்கொணர்ந்தார்.

அதே 2018 இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. ஆனால் ஊரில் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிய காசை அது தொடவில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டம் ஹிங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததை வாசகியர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். அதற்கு முந்திய மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரப் படகை நம்பியிருந்த வீடுகளில் அந்த ஒரு விலையேற்றம் செய்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் புகுந்தபோது, உவமையாகச் சொல்லிவந்த தண்ணீர் உண்மையிலேயே வீட்டுக்குள் வந்தது.

படிவத்துக்கு முன்னால் ஒரு பெண்

2023 இல் அஸ்வெசும திட்டம் தொடங்கியபோது வீடு வீடாகத் தகவல் திரட்டினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்கள். அவற்றைக் கொண்டு நிலையற்றவர், பாதிக்கப்படக்கூடியவர், வறியவர், மிக வறியவர் என நான்கு வகையாகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. பட்டியல் வெளியானதும் நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

அளவுகோல்களில் குறை இருக்கலாம். அது வேறு விடயம். நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த முன்பின் தெரியாத உத்தியோகத்தரிடம், பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டிருக்க, மாமியார் அருகில் நிற்க, தன் வீட்டுக் குறையைச் சொல்ல நம் பெண்களுக்கு வாய் வரவில்லை. "பரவாயில்லை", "சமாளிக்கிறம்" என்று சொன்னவர்கள் பிறகு மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலக வாசலில் வரிசையில் நின்றார்கள். கௌரவத்துக்குச் சொன்ன ஒரு சொல்லின் விலை அது.

அந்த ஒரு சாண்

'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்பது நம் பழமொழி. எல்லாம் முடிந்தபின் விரக்தியில் சொல்லப்படும் வாக்கு இது. ஆங்கிலத் தொடரையும் இந்தப் பழமொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தண்ணீர் தலைக்கு மேலே போனபின் சாணும் முழமும் ஒன்றுதான். ஆனால் போவதற்கு முன்னால்? கழுத்தளவு நிற்கும்போது அந்த ஒரு சாண் ஓர் உயிர். ஒரு பிள்ளையின் படிப்பு. ஒரு தாய் தன் பிள்ளைகளுடன் இருப்பதா, கடல் கடந்து போவதா என்ற முடிவு. உதவி வர வேண்டியது அந்தச் சாணுக்குள்தான். 'தலை இன்னும் வெளியில் தெரிகிறது' என்பதை உதவியைத் தள்ளிப்போடக் காரணமாக்கக் கூடாது. விரைந்து போவதற்கே அது காரணமாக வேண்டும்.

ஆகவே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்கள், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், வெளிக்களப் பணியாளர்கள், ஏன், அயல்வீட்டுக்காரர்களான நாம் எல்லோருமே 'எப்படி இருக்கிறீர்கள்?' என்பதோடு நிற்காமல் இரண்டாவது கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும்.

நேற்று இரவு என்ன சமைத்தீர்கள்? கடைசியாகச் சாப்பிட்டது யார், அவருக்கு என்ன மிஞ்சியது? இந்தக் கிழமை எத்தனை இடத்துக்குக் காசு கட்ட வேண்டும்? பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போகிறார்களா? இரவில் நித்திரை வருகிறதா? கேட்பதற்கு இவை சின்னக் கேள்விகள். ஆனால் 'சமாளிக்கிறம்' என்ற சொல்லால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்கவேண்டியவையும் உண்டு: காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்கு, கழுத்தில் கொடிக்குப் பதில் மஞ்சள் கயிறு. அந்த அக்காவின் கழுத்தில் நான் மஞ்சள் கயிற்றைக் கண்டேன். கண்டும் கேட்கவில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நினைத்தேன். பலர் முன்னிலையில் கேட்டால் நோகும்தான். தனியே இருந்து, நேரம் எடுத்து, அன்போடு கேட்டால் நோகாது.

கேட்ட விடயத்தை ஊருக்குள் கொண்டு திரியாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். ஒருமுறை வெளியே போன இரகசியம் பத்துப் பெண்களின் வாயை மூடிவிடும்.

இதை வாசிக்கும் சகோதரியே, கழுத்தளவு தண்ணீரில் நிற்பவர் நீங்களாகவே இருந்தால், 'சமாளிக்கிறம்' என்ற சொல்லை ஒருவரிடமாவது சற்று ஒதுக்கி வையுங்கள். தாயிடமோ, கூடப்பிறந்தவரிடமோ, சங்கத்து அக்காவிடமோ "எனக்கு ஏலாமல் இருக்கு" என்று சொல்லுங்கள். எங்கெங்கே எவ்வளவு கடன், என்ன வட்டி என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய கடன் எழுதாத கடனைவிடப் பயம் குறைந்தது. மிரட்டலோ தொந்தரவோ இருந்தால் மகளிர் உதவி இலக்கம் 1938. மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. சொல்வது பலவீனம் அல்ல. தண்ணீரில் இருப்பவர் கைநீட்டினால்தான் கரையில் நிற்பவருக்கு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியும்.

அந்த அக்கா ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். போய்ப் பார்த்தேன். அந்த அறிக்கையைப் பற்றி மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டுச் சொன்னார்:

"அண்டைக்கு நான் சமாளிக்கிறம் எண்டுதானே சொன்னனான் பிள்ளை. நீங்கள் இன்னொருக்காக் கேட்டிருந்தா, உள்ளதைச் சொல்லியிருப்பன்."

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இன்னொருக்காக் கேட்கிறேன்.